அனைத்துத் தரை டயர்

அனைத்துத் தரை டயர் என்பது தார்ச்சாலையிலும், மண், சரளை, பாறை நிறைந்த கரடுமுரடான பாதையிலும் ஓடத்தக்கவாறு வடிவமைக்கப்பட்ட காற்றடைத்த டயர் (வட்டகை) ஆகும். ஜீப்பு, சிறு சரக்குந்து முதலிய நாற்சக்கர இயக்க ஊர்திகளில் இது பரவலாகப் பயன்படுகிறது. இவ்வகை டயர்களின் பெயரோடு ஏ/டி என்ற எழுத்துகள் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். நெடுஞ்சாலைக்கென்றே அமைந்த டயருக்கும் சேற்றுக்கென்றே அமைந்த டயருக்கும் இடைப்பட்ட தன்மை உடையது என்பதால், இரண்டின் நன்மைகளிலும் ஒரு பகுதியையே இது தருகிறது.

ஒரே ஊர்தி வாரத்தில் சில நாட்கள் நெடுஞ்சாலையிலும் சில நாட்கள் மலைப்பாதையிலும் ஓடும்போது, எந்த டயரைப் பொருத்துவது என்பது பாதுகாப்புத் தொடர்பான முடிவாகிறது. மழை நாளில் நெடுஞ்சாலையில் ஊர்தி எவ்வளவு தொலைவில் நிற்கும் என்பதையும், மலைப்பாதையில் கூரிய கல் பட்டால் டயர் தாங்குமா என்பதையும் அதே நான்கு டயர்களே முடிவு செய்கின்றன. இக்கட்டுரை தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்தேர்வை விளக்குகிறது.

வகைப்பாடு

நாற்சக்கர இயக்க ஊர்திகளுக்கான டயர்கள் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன.

* நெடுஞ்சாலை டயர் (எச்/டி): வரிப்பள்ளங்கள் குறுகலாகவும் ஆழம் குறைந்தும் இருக்கும். புதிய டயரில் ஆழம் ஏறத்தாழ 8 மி.மீ. இருக்கும். ஓசையும் எரிபொருள் செலவும் குறைவு. ஈரமான தார்ச்சாலையில் நன்கு பிடிக்கும். சேற்றில் விரைவில் வழுக்கும்.
* அனைத்துத் தரை டயர் (ஏ/டி): மிதிபரப்பின் கட்டைகள் பெரியவை. ஆழம் பெரும்பாலும் 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும். கட்டைகளின் மேல் ஈரப்பிடிப்புக்கான நுண்கீறல்கள் இடப்பட்டிருக்கும்.
* சேற்று டயர் (எம்/டி): கட்டைகள் மிகப் பெரியவை. அவற்றுக்கிடையே அகன்ற வெற்றிடம் உண்டு. ஆழம் 13 மி.மீ. அல்லது அதற்கு மேலும் இருக்கும். சேற்றிலும் தளர்ந்த மண்ணிலும் சிறந்தது. நெடுஞ்சாலையில் இரைச்சல் மிகுதி. ஈரச்சாலையில் நிறுத்தத் தொலைவு கூடுதல்.

மிதிபரப்பில் உள்ள கட்டைகள் தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் 'பட்டன்' எனப்படுகின்றன. பெரிய கட்டைகள் கொண்ட டயர் 'பட்டன் டயர்' என்றும், தேய்ந்துபோன டயர் 'பட்டன் இல்லாத டயர்' என்றும் குறிப்பிடப்படும்.

பல அனைத்துத் தரை டயர்களில் எம்+எஸ் (சேறு, பனி) என்ற குறியும் காணப்படும். இது மிதிபரப்பின் வடிவ அமைப்பைக் கொண்டு உற்பத்தியாளர் இடும் குறியாகும். பிடிப்புத் திறனைச் சோதித்து வழங்கப்படும் சான்று அன்று. எனவே இக்குறியை மட்டும் நம்பி ஒரு டயரைச் சேற்றுக்கு ஏற்றது எனக் கொள்ள இயலாது.

வரலாறு

இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட ஜீப்புகளில் 6.00-16 அளவுள்ள, குறுக்கு இழை அமைப்புக் கொண்ட டயர்கள் பொருத்தப்பட்டிருந்தன. முன்னோக்கிச் செல்லும்போதும் பின்னோக்கி வரும்போதும் ஒரே அளவு பிடிப்புத் தரும் வகையில் அவற்றின் கட்டைகள் அமைக்கப்பட்டன. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் ஜீப்புகளைத் தொகுக்கத் தொடங்கிய பின்னர், இவ்வகை டயர்கள் இந்தியச் சாலைகளிலும் பழக்கமாயின. இவை மண்ணில் உதவினாலும் தார்ச்சாலையில் அதிர்வும் தேய்மானமும் மிகுந்தவை.

1946 ஆம் ஆண்டில் மிச்செலின் நிறுவனம் ஆரை இழை (ரேடியல்) டயருக்குக் காப்புரிமை பெற்றது. இவ்வமைப்பில் பக்கச்சுவர் எளிதில் வளையும். மிதிபரப்பு எஃகுப் பட்டையால் இறுக்கமாக நிற்கும். இதனால் தேய்மானமும் வெப்பமும் குறைந்தன. 1976 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிஎஃப்குட்ரிச் நிறுவனம் ஆரை இழை அமைப்பில் அனைத்துத் தரை டயரை வெளியிட்டது. ஒரே டயரைக் கொண்டு நெடுஞ்சாலையிலும் மண்பாதையிலும் ஓட்டும் வழக்கம் இதன் பின்னரே பரவியது.

இந்தியாவில் 1977 இல் ஜேகே டயர் நிறுவனம் ஆரை இழை டயர்களை அறிமுகப்படுத்தியது. இந்தியாவின் முன்னணி டயர் நிறுவனங்களுள் ஒன்றான எம்ஆர்எஃப், 1946 இல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு தொழிலகமாகத் தொடங்கப்பட்டதாகும். கள்ளக்குறிச்சிக்குத் தெற்கே பெரம்பலூர் மாவட்டத்திலும் இந்நிறுவனத்துக்கு ஆலை உள்ளது. இன்று எம்ஆர்எஃப், அப்பல்லோ, சியட், ஜேகே ஆகிய இந்திய நிறுவனங்கள் அனைத்தும் அனைத்துத் தரை டயர்களை விற்கின்றன.

கல்வராயன் மலைப் பாதைகள்

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. மாவட்டத் தலைநகர் வழியாகச் சேலத்தையும் உளுந்தூர்ப்பேட்டையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 79 (பழைய எண் 68) செல்கிறது. உளுந்தூர்ப்பேட்டையில் இது சென்னை - திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையைச் சந்திக்கிறது. மாவட்டத்தின் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை உள்ளது. இம்மலைத்தொடர் சேலம் மாவட்டத்திலும் பரவியுள்ளது. வடபகுதி சின்னக் கல்வராயன் என்றும் தென்பகுதி பெரிய கல்வராயன் என்றும் அழைக்கப்படுகின்றன. கோமுகி ஆறும் மணிமுத்தா ஆறும் இம்மலையில் தோன்றுகின்றன.

கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை ஆகும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்குத் தார்ச்சாலை உண்டு. மேற்கே கருமந்துறை வழியாகச் சேலம் மாவட்டச் சமவெளிக்கு இறங்கலாம். முதன்மைச் சாலைகள் தார்ச்சாலைகளாக இருந்தாலும், அவற்றிலிருந்து பிரிந்து சிற்றூர்களுக்கும் விளைநிலங்களுக்கும் செல்லும் பாதைகளில் செம்மண், சரளை, பாறை ஆகிய மூன்றும் கலந்தே கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செம்மண் பாதைகள் வழுக்கும் தன்மை அடைகின்றன. ஓடைகள் பாதையைக் குறுக்கே அறுத்துச் செல்லும் இடங்களில், மண் அரிக்கப்பட்டுக் கூரிய கற்கள் வெளியே நிற்கும்.

இம்மலையூர்கள் 1976 ஆம் ஆண்டு வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்தன. சமவெளியில் உள்ள ஊர்களோடு ஒப்பிடுகையில் சாலை வசதி இங்கு மிகவும் பிந்தியே வந்தது. 2024 ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டபோது, சாலை, போக்குவரத்து வசதிகளும் அவ்வழக்கில் பேசப்பட்டன. பேருந்து செல்லாத ஊர்களில் ஜீப்பும் சிறு சரக்குந்துமே மக்களுக்கும் விளைபொருளுக்கும் போக்குவரத்தாக உள்ளன. மலையில் விளையும் மரவள்ளிக்கிழங்கு கீழே உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறக்கப்படுகிறது. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும் அதே ஊர்தியாக இருக்கலாம். எனவே ஒரே பயணத்தில் ஓர் ஊர்தி செம்மண் பாதை, கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலை, மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மேல் செல்லும் நெடுஞ்சாலை ஆகிய மூன்றையும் கடக்க நேர்கிறது.

மிதிபரப்பும் பிடிப்பும்

தார்ச்சாலையில் டயரின் பிடிப்பு பெரும்பாலும் சாலையைத் தொடும் ரப்பரின் அளவையும் அதன் மென்மையையும் பொறுத்தது. மிதிபரப்பில் வெற்றிடம் கூடக்கூடச் சாலையைத் தொடும் ரப்பர் குறைகிறது. மேலும் உயரமான கட்டைகள் பிரேக் பிடிக்கும்போது வளைந்து கொடுக்கின்றன. இவ்விரு காரணங்களாலும் சேற்று டயர் பொருத்திய ஊர்தி ஈரமான தார்ச்சாலையில் நிற்பதற்கு, நெடுஞ்சாலை டயர் பொருத்திய அதே ஊர்தியைவிடக் கூடுதல் தொலைவு எடுத்துக்கொள்ளும்.

சேற்றில் நிலைமை தலைகீழாகிறது. அங்கு கட்டைகள் மண்ணுக்குள் அழுந்தி, அதனைப் பின்னுக்குத் தள்ளுவதன் மூலமே ஊர்தி நகர்கிறது. வெற்றிடம் குறுகலாக இருந்தால் களிமண் அதில் அடைந்துகொள்ளும். அடைந்த பின் டயர் வழுவழுப்பான உருளையாகிவிடும். அகன்ற வெற்றிடம் உள்ள டயர் சுழலும்போது மண்ணை வெளியே எறிந்து தன்னைத்தானே தூய்மை செய்துகொள்கிறது.

பாறையிலும் கெட்டியான சரளையிலும் கட்டையின் உயரத்தைவிட, டயர் பாறையின் வடிவத்துக்கு ஏற்பப் படிந்து கொடுப்பதே முதன்மையானது. கல்வராயன் மலைப் பாதைகளில் பெரும்பாலான மாதங்கள் சரளையும் கல்லுமே மிகுந்திருக்கும். ஆழ்ந்த சேறு மழைக்காலத்தின் சில வாரங்களுக்கே உரியது. இத்தகைய தரைக்கு அனைத்துத் தரை டயர் போதுமானதாகிறது.

பக்கச்சுவர்

மலைப்பாதைகளில் டயர் பயனற்றுப் போவதற்குப் பக்கச்சுவர் கிழிவது ஒரு முக்கியக் காரணம். மிதிபரப்பில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிர்வதால் அங்கு இடும் ஒட்டு நிலைத்து நிற்காது. எனவே பக்கச்சுவர் கிழிந்த டயரை மாற்றியே ஆகவேண்டும்.

சில அனைத்துத் தரை டயர்களில் பக்கச்சுவரில் கூடுதல் இழை அடுக்கு உண்டு. சிறு சரக்குந்து வகையைக் குறிக்கும் எல்டி என்ற எழுத்துகள் கொண்ட டயர்களின் உடல் மேலும் தடித்தது. இவை கல்லுக்கும் சுமைக்கும் நன்கு ஈடுகொடுக்கும். ஆனால் எடை கூடுவதால் எரிபொருள் செலவு மிகும். சமவெளிப் பயணத்தில் குலுக்கல் கூடும். மேலும் ஒரே சுமையைத் தாங்க எல்டி டயருக்குப் பயணியர் ஊர்தி டயரைவிடக் கூடுதல் காற்றழுத்தம் தேவை. எனவே வகை மாறும்போது பழைய காற்றழுத்தத்தையே வைத்திருப்பது தவறாகும்.

ரிம்மின் விட்டம் கூடி டயரின் பக்கச்சுவர் குட்டையானால் தோற்றம் எடுப்பாக இருக்கலாம். ஆனால் குழியிலும் கல்லிலும் மோதும்போது ரிம் வளைவதற்கான வாய்ப்பு மிகுதி. மலைப்பாதைக்குச் சிறிய ரிம்மும் உயரமான பக்கச்சுவரும் ஏற்றவை.

அளவும் குறியீடுகளும்

டயரின் அளவு பக்கச்சுவரில் எழுதப்பட்டிருக்கும். 245/75 ஆர்16 என்பதில் 245 என்பது அகலம் (மி.மீ.), 75 என்பது அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு, ஆர் என்பது ஆரை இழை அமைப்பு, 16 என்பது ரிம்மின் விட்டம் (அங்குலம்) ஆகும். 2020 இல் வெளிவந்த மகிந்திரா தார் ஊர்தியின் ஒரு வகையில் இவ்வளவும், மற்றொரு வகையில் 255/65 ஆர்18 அளவும் அமைந்தன. 2023 இல் வெளிவந்த மாருதி சுசூக்கி ஜிம்னி ஊர்தியின் அளவு 195/80 ஆர்15 ஆகும்.

பெரிய டயர் மாட்டுவது பரவலான வழக்கமாக உள்ளது. அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 245/75 ஆர்16 டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 774 மி.மீ. அதற்கு மாற்றாக 265/75 ஆர்16 பொருத்தினால் விட்டம் 804 மி.மீ. ஆகிறது. தரையிலிருந்து ஊர்தியின் உயரம் 15 மி.மீ. கூடும். அதே வேளையில் வேகமானி காட்டுவதைவிட உண்மையான வேகம் ஏறத்தாழ 4 விழுக்காடு மிகும். பற்சக்கர விகிதமும் அதே அளவு உயர்வதால் ஏற்றத்தில் இழுவை குறையும். முழுதாகத் திருப்பும்போது டயர் உடற்பகுதியில் உரசவும் கூடும்.

அளவை அடுத்துச் சுமைக் குறியெண்ணும் வேகக் குறியெழுத்தும் இடம்பெறும். சில மதிப்புகள் வருமாறு:

* சுமைக் குறியெண் 94: ஒரு டயருக்கு 670 கி.கி.
* சுமைக் குறியெண் 100: 800 கி.கி.
* சுமைக் குறியெண் 109: 1,030 கி.கி.
* சுமைக் குறியெண் 112: 1,120 கி.கி.
* வேகக் குறி கியூ: மணிக்கு 160 கி.மீ.
* வேகக் குறி எஸ்: மணிக்கு 180 கி.மீ.
* வேகக் குறி டி: மணிக்கு 190 கி.மீ.

புதிய டயரின் சுமைக் குறியெண் உற்பத்தியாளர் குறித்த எண்ணைவிடக் குறையக் கூடாது. மரவள்ளி மூட்டைகளை ஏற்றும் சிறு சரக்குந்தில் சுமையின் பெரும்பகுதி பின்னச்சில் விழுவதால் இது மிகவும் கவனிக்கத்தக்கது.

பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் டயர் செய்யப்பட்ட காலத்தைக் குறிக்கும். 3524 என்றால் 2024 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம் எனப் பொருள். ரப்பர் பயன்படுத்தாமலே நாளடைவில் இறுகி வெடிப்புக் காணும் என்பதால், நீண்ட நாள் கிடங்கில் கிடந்த டயரைத் தவிர்ப்பது நல்லது.

காற்றழுத்தம்

டயரின் வகையைத் தேர்வதற்கு இணையாக முதன்மை பெறுவது அதனுள் இருக்கும் காற்றழுத்தம். அழுத்தம் பொதுவாகப் பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு) என்ற அலகில் அளக்கப்படுகிறது.

தரையைத் தொடும் பரப்பு

ஊர்தியின் எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு அண்ணளவாகக் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 1,800 கி.கி. எடையுள்ள ஊர்தியில் ஒவ்வொரு சக்கரமும் 450 கி.கி. தாங்குவதாகக் கொள்வோம். 32 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர செ.மீ.க்கு 2.25 கி.கி. ஆகும். அப்போது தொடுபரப்பு 200 சதுர செ.மீ. அழுத்தத்தை 18 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்தால் அது ஏறத்தாழ 355 சதுர செ.மீ. ஆகிறது. பக்கச்சுவரும் ஓரளவு சுமையைத் தாங்குவதால் உண்மை அளவு சற்று மாறும். எனினும், காற்றைச் சிறிது இறக்கினால் எளிய அனைத்துத் தரை டயரும் தளர்ந்த மண்ணில் ஏன் நன்றாக ஏறுகிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

சரளைப் பாதையில் 22 முதல் 25 பி.எஸ்.ஐ. வரையும், சேற்றில் அல்லது மணலில் சிக்கும் நிலையில் 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரையும் இறக்குவது வழக்கம். வேகம் அதற்கேற்ப மிகவும் குறைந்திருக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி இறக்கினால் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். கூரிய கற்கள் உள்ள இடத்தில் மிகவும் இறக்குவது பக்கச்சுவரை வெளியே பிதுங்கச் செய்து கிழியவும் வழிவகுக்கும்.

நீர்ச்சறுக்கல்

சாலையில் தேங்கிய நீரை டயர் வெளியேற்ற இயலாதபோது, அது நீரின் மேல் மிதந்து பிடிப்பை இழக்கிறது. இது நீர்ச்சறுக்கல் எனப்படும். 1960களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வானூர்தி டயர்களைச் சோதித்து இதற்கு ஓர் எளிய வாய்பாட்டை வகுத்தது. காற்றழுத்தத்தின் (பி.எஸ்.ஐ.) வர்க்கமூலத்தை 16.7 ஆல் பெருக்கினால், நீர்ச்சறுக்கல் தொடங்கும் வேகம் மணிக்குக் கி.மீ. அலகில் கிடைக்கும். நீரின் ஆழம் வரிப்பள்ளத்தின் ஆழத்தை மிஞ்சும் நிலைக்கே, அதாவது தேய்ந்த டயருக்கே இது மிகவும் பொருந்தும்.

இதன்படி 32 பி.எஸ்.ஐ.க்கு ஏறத்தாழ 94 கி.மீ. வேகமும், 18 பி.எஸ்.ஐ.க்கு ஏறத்தாழ 71 கி.மீ. வேகமும் கிடைக்கின்றன. மலையில் காற்றை இறக்கிவிட்டு, மீண்டும் நிரப்பாமல் மழையில் நெடுஞ்சாலைக்கு வருபவர், தாம் வழக்கமாக ஓட்டும் வேகத்திலேயே கட்டுப்பாட்டை இழக்க நேரலாம்.

வெப்பம்

காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக வளைகிறது. வளைவு வெப்பமாகிறது. வேகமும் சுமையும் கோடை வெயிலும் சேரும்போது இழை அடுக்குகள் பிரிந்து டயர் வெடிக்கக்கூடும்.

இதற்கு உலக அளவில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு 2000 ஆம் ஆண்டின் ஃபயர்ஸ்டோன் டயர் திரும்பப் பெறுதல் ஆகும். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஊர்திகளில் பரவலாகப் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்களின் மிதிபரப்பு நெடுஞ்சாலை வேகத்தில் பிரிந்து, ஊர்திகள் உருண்டன. திரும்பப் பெறப்பட்டவற்றுள் வில்டர்னெஸ் ஏடி என்ற டயரும் இருந்தது. பயன்பாட்டில் இருந்தவை ஏறத்தாழ 65 இலட்சம் டயர்கள் என மதிப்பிடப்பட்டது. அமெரிக்காவில் 271 இறப்புகள் இதனோடு தொடர்புபடுத்தப்பட்டன. டயரின் வடிவமைப்பும் உற்பத்தியும், ஊர்தி உருளும் தன்மையும், பரிந்துரைக்கப்பட்ட 26 பி.எஸ்.ஐ. என்ற குறைந்த அழுத்தமும் விவாதத்துக்கு உள்ளாயின. வெப்பம் மிகுந்த பகுதிகளில் விபத்துகள் மிகுதியாக நிகழ்ந்தன.

எனவே மலையிலிருந்து இறங்கியவுடன், நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன், காற்றை மீண்டும் நிரப்புவது கட்டாயம் எனக் கொள்ள வேண்டும். மின்கலத்தில் இயங்கும் சிறிய காற்றழுத்தியும் அழுத்தமானியும் ஊர்தியில் இருந்தால் இதற்குச் சில நிமிடங்களே ஆகும். நீண்ட இறக்கத்தின் முடிவில் டயர் சூடாக இருப்பதால் அளவீடு சற்றுக் கூடுதலாகத் தெரியும். அதனைக் கண்டு காற்றை இறக்கக் கூடாது. டயர் குளிர்ந்த பின் மறுபடியும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தேர்வு

டயரைத் தேர்வதற்கு முதலில் ஊர்தி ஒரு மாதத்தில் எந்தத் தரையில் எத்தனை கி.மீ. ஓடுகிறது என்பதைக் கணக்கிடுவது உதவும். கள்ளக்குறிச்சிப் பகுதியைக் கொண்டு மூன்று நிலைகளைக் கருதலாம்.

1. நகரில் வாழ்ந்து, நெடுஞ்சாலையில் பயணித்து, விடுமுறையில் வெள்ளிமலை வரை தார்ச்சாலையில் மட்டும் செல்பவர்: இவருக்கு நெடுஞ்சாலை டயரே சிறந்தது. மலைச்சாலை என்பதால் மட்டும் பட்டன் டயர் தேவைப்படுவதில்லை. வளைவுகளில் தார்ச்சாலையை நன்கு பிடிக்கும் டயரே பாதுகாப்பானது.

2. மாதத்தில் 1,500 கி.மீ. ஓடி, அதில் 40 முதல் 50 கி.மீ. மண்பாதையில் செல்பவர்: மண்பாதை மொத்தத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடே. ஆயினும் அந்தச் சில கிலோமீட்டரில் டயர் கிழிந்தால் உதவி கிடைப்பது கடினம். உற்பத்தியாளர் குறித்த அதே அளவில், நல்ல ஈரப்பிடிப்பு உள்ள அனைத்துத் தரை டயர் இவருக்கு ஏற்றது. நெடுஞ்சாலை மழைப் பிடிப்பில் சிறிது விட்டுக்கொடுத்து, மண்பாதைக்கான உறுதியை இவர் பெறுகிறார்.

3. மலையூரில் வாழ்ந்து, நாள்தோறும் மண்பாதையில் சுமையும் ஆட்களும் ஏற்றிச் செல்பவர்: உறுதியான பக்கச்சுவரும் போதிய சுமைக் குறியெண்ணும் கொண்ட எல்டி வகை அனைத்துத் தரை டயர் பொருந்தும். ஆண்டின் பெரும்பகுதி ஆழ்ந்த சேற்றில் ஓட நேர்ந்தால் மட்டுமே சேற்று டயர் பொருளுடையதாகிறது. அவ்வாறு பொருத்தினால் நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைத்து, முன்செல்லும் ஊர்திக்குக் கூடுதல் இடைவெளி விட வேண்டும்.

எந்த நிலையிலும் நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஒரே வகையிலும் இருத்தல் வேண்டும். தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற ஊர்திகளில் நாற்சக்கர இயக்கத்தை இணைத்தவுடன் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படுகின்றன. முன்டயரும் பின்டயரும் விட்டத்தில் வேறுபட்டால் பற்சக்கரப் பெட்டியில் இறுக்கம் ஏறிப் பழுதுண்டாகும். இதே காரணத்தால் உலர்ந்த தார்ச்சாலையில் இவ்வியக்கத்தை இணைக்கக் கூடாது.

நாற்சக்கர இயக்கம் ஊர்தி நகர்வதற்கு மட்டுமே உதவுகிறது. நிற்பதற்கு அது உதவாது. எல்லா ஊர்திகளுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு என்பதால், நிறுத்தத்தில் வேறுபாட்டை உண்டாக்குவது டயரே ஆகும்.

சட்ட விதிகள்

* மத்திய மோட்டார் ஊர்தி விதிகளின்படி நான்கு சக்கர ஊர்திகளின் டயரில் வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பள்ளத்தின் அடியில் உள்ள தேய்மானக் காட்டி மிதிபரப்பின் மட்டத்தைத் தொட்டால் டயரை மாற்ற வேண்டும்.
* 2022 இல் செய்யப்பட்ட விதித் திருத்தம் டயர்களின் உருளல் தடை, ஈரப்பிடிப்பு, ஓசை ஆகியவற்றுக்கு வரம்புகளை விதித்தது.
* மோட்டார் ஊர்திச் சட்டம், 1988 இன் பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறாக அமையும்படி ஊர்தியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. எனவே உற்பத்தியாளர் ஏற்ற அளவுகளுக்குள் இருப்பது பாதுகாப்பானது.
* காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் இசைவின்றி ஊர்தி செலுத்துவது குற்றமாகும். கல்வராயன் மலையின் பெரும்பகுதி காடு என்பதால், டயர் இடம்கொடுக்கும் பாதை எல்லாம் செல்லத்தக்க பாதை ஆகாது.

பராமரிப்பு

அனைத்துத் தரை டயர்களின் கட்டைகள் ஒருபக்கமாகத் தேயும் இயல்புடையவை. ஒவ்வொரு 8,000 முதல் 10,000 கி.மீ.க்கும் ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் பொருத்தினால் தேய்மானம் சீராகும். மலைப்பயணத்துக்குப் பின் கட்டைகளுக்கிடையே சிக்கிய கற்களை அகற்றிவிட வேண்டும். பக்கச்சுவரின் உட்புறத்தையும் பார்ப்பது நல்லது. அங்குள்ள கிழிசல் வெளியிலிருந்து தெரியாது. கல்லில் பலமாக மோதிய பின் பக்கச்சுவரில் புடைப்புத் தோன்றினால் உள்ளே இழை அறுந்துள்ளது எனப் பொருள். அத்தகைய டயரோடு நெடுஞ்சாலையில் செல்லக் கூடாது.

மாற்றுச் சக்கரம் இந்தியாவில் 'ஸ்டெப்னி' என வழங்கப்படுகிறது. 1904 இல் வேல்சு நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் உருவான மாற்றுச் சக்கரத்திலிருந்து இப்பெயர் வந்தது. 2020 ஆம் ஆண்டின் விதித் திருத்தம், டயர் அழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் சரிசெய்யும் பொருள்களும் உள்ள டியூப் இல்லாத டயர் கொண்ட பயணியர் ஊர்திகளில் ஸ்டெப்னி இல்லாமலிருக்க இசைவளித்தது. ஆனால் பஞ்சர் பசையால் கிழிந்த பக்கச்சுவரை அடைக்க இயலாது. கைப்பேசித் தொடர்பும் பழுது பார்ப்பவரும் எட்டாத மலைப்பாதைக்குச் செல்லும் ஊர்தியில், மற்ற நான்கின் அளவிலேயே, காற்று நிரப்பப்பட்ட ஐந்தாவது டயர் இருப்பது இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்கவும்

* டயர்
* நாற்சக்கர இயக்கம்
* கல்வராயன் மலை
* கள்ளக்குறிச்சி மாவட்டம்
* உராய்வு